காட்டுக்குள் போகவும் பெர்மிட்டா?



'பெர்மிட்' என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் வயது முதிர்ந்தவர்களுக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். அதற்குக் காரணம் உண்டு. போன பள்ளி விடுமுறையில் எங்கள் தாமானில் நடந்த ஒரு சிறு வாக்குவாதத்தைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருடைய பேரன் ஈப்போவில் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் தொழில் செய்கிறான். அண்மையில் 'டிரோன்' என்னும் குட்டி விமானம் ஒன்றை வாங்கியிருந்தான். கிரிக்கிற்கு அப்பால் உள்ள ராயல் பெலும் காட்டுக்குக் குடும்பத்தோடு போய், அங்கே அதைப் பறக்கவிட்டுப் படம் எடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. படகுக்காரருக்குப் போன் செய்தான். அவர், "எல்லாருடைய பேரும் ஐசி நம்பரும் முன்கூட்டியே அனுப்புங்க தம்பி, பெர்மிட் எடுக்கணும். அந்தக் குட்டி விமானத்துக்குத் தனியா கேட்கணும், கேட்காம பெட்டியைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. பாட்டிக்கு அவனைவிடக் கோபம். "என்னடா இது அநியாயம்? மரத்தையும் மட்டையையும் பார்க்கப் போறதுக்கும் பெர்மிட்டா? நாங்க பட்டது போதாதா?" என்று கேட்டார்.

பாட்டி பட்டது என்ன என்று இளைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. 1968-ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் இந்நாட்டில் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது அது. 1969-லும் 1970-லும் தோட்டங்களில் அதுதான் ஒரே பேச்சு. சிவப்பு ஐசி வைத்திருந்தவர்கள், பாரம் நிரப்பத் தெரியாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் மூட்டை முடிச்சுகளுடன் கப்பலேறினார்கள். பாட்டியின் அண்ணனும் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் போனவர். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை.

ஆகவே பாட்டியின் கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் மக்களுக்கு அனுமதிச் சீட்டு என்பது, இருக்கும் இடத்திலிருந்து விரட்டும் காகிதமாகவே அறிமுகமானது. ஆனால் எல்லா பெர்மிட்டும் ஒரே குணம் உடையவையா? இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது அதுதான்.

முதலில் பெலும் காட்டைப் பார்ப்போம். பேராக்கின் வடகோடியில், தாய்லாந்து எல்லையை ஒட்டி, 1,17,500 ஹெக்டர் பரப்பில் கிடக்கும் மழைக்காடு அது. 1970-களில் தெமெங்கோர் அணை கட்டப்பட்டபோது பள்ளத்தாக்கெல்லாம் நீர் நிரம்பி, மலை உச்சிகள் தீவுகளாயின. ஜஹாய், தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்த இடங்களும் அந்த நீருக்கடியில் போயின. கம்யூனிஸ்டுகளுடன் போராட்டம் நடந்த காலத்தில் அது பாதுகாப்புப் பகுதி. சாதாரண ஆள் அங்கே கால் வைக்க முடியாது. 1982-ல் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறந்தது. 1989 டிசம்பரில் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகே காடு மெல்ல மெல்லக் கதவைத் திறந்தது. 2007-ல் பேராக் அரசாங்கம் அதை மாநிலப் பூங்காவாக அரசிதழில் வெளியிட்டது. அன்று தொட்டு பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் பெர்மிட் இல்லாமல் உள்ளே போக முடியாது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? அங்கே குடியிருப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டால் விளங்கும். மலேசியாவில் காணப்படும் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் அந்த ஒரே வட்டாரத்தில் உண்டு. இருவாச்சியின் குடும்ப வாழ்க்கை ஒரு அதிசயம். தாய்ப்பறவை உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். அந்தக் கீறல் வழியாக வாரக்கணக்கில், சில வகைகளில் மாதக்கணக்கில், ஆண்பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். உள்ளே இருப்பவளுக்கும் குஞ்சுக்கும் வேறு கதியில்லை. அந்தப் பொந்துக்கு முன்னால் 'ஙொய்' என்று இரைச்சலிட்டபடி ஒரு குட்டி விமானம் வந்து நின்றால் அந்த ஆண்பறவை என்ன செய்யும்? இரையோடு திரும்பிப் போய்விட்டால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன?

"பறவைக்கு என்ன, கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்று பையன் சொன்னான். அவனுக்கு நான் இரண்டு செய்திகள் சொன்னேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், போல்சா சிக்கா என்ற கடலோரச் சரணாலயத்தில் 2021 மே மாதம் ஒரு டிரோன் பறவைக் கூட்டத்தின் நடுவே விழுந்தது. ஆலாப் பறவைகள் மிரண்டு எழுந்து பறந்தன. பிறகு அவை திரும்பவேயில்லை. மணலில் கிடந்த 1,500-க்கும் மேற்பட்ட முட்டைகள் பாழாயின. எவனோ ஒருவனின் ஒரு நாள் விளையாட்டு, ஒரு தலைமுறையே போயிற்று.

இரண்டாவது, 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. மின்னசோட்டா மாநிலத்தில் கரடிகளின் உடம்பில் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி, தலைக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்டார்கள். பெரும்பாலான கரடிகள் ஓடவில்லை, அசையவும் இல்லை. பார்த்தவர்கள் 'பயமே இல்லை' என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் குட்டிகளோடு இருந்த ஒரு தாய்க்கரடிக்கு, நிமிடத்திற்கு 41 ஆக இருந்த துடிப்பு 162-க்கு ஏறியிருந்தது. வெளியே அமைதி, உள்ளே படபடப்பு. பெரட்டில் துரைக்கு முன்னால் வாய்மூடி நின்ற நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேசாமல் நிற்பவனெல்லாம் பயப்படாதவன் அல்லன்.

இந்தக் கட்டுப்பாடு நம் பேராக்கில் மட்டும் இல்லை, வாசகர்களே. உலகின் அடிமுனையில், மனிதர் குடியில்லாத, பனி மட்டுமே மூடிய அண்டார்ட்டிகாவிலும் இதே கதைதான். அந்தக் கண்டம் யாருடையது என்று 1982-ல் ஐக்கிய நாட்டு சபையில் கேள்வி எழுப்பியவர் நம்முடைய அன்றைய பிரதமர் மகாதீர். அது சில நாடுகளின் சொத்தாகாமல் மனித குலம் அனைத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். பின்னர் 2011-ல் மலேசியாவும் அண்டார்ட்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1991-ல் கையெழுத்தாகி 1998-ல் நடப்புக்கு வந்த சுற்றுச்சூழல் உடன்பாடு ஒன்று உண்டு. அதன்படி அங்கே ஒரு பயணம் ஏற்பாடு செய்வதற்கு முன்பே, அதனால் என்ன கேடு விளையும் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். இந்தியாவும் 2022-ல் தனிச் சட்டம் இயற்றி, அங்கே போகிறவர்களுக்குப் பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது.

2023-24 பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுப்பயணிகள் அந்தப் பனிக்கண்டத்துக்குப் போனார்கள். பணம் படைத்தவர்கள்தாம். ஆனாலும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது. ஐந்நூறு பேருக்கு மேல் பயணிகள் உள்ள கப்பலிலிருந்து ஒருவரும் இறங்கக் கூடாது. இறங்குமுன் சப்பாத்தைக் கழுவ வேண்டும், வேற்று விதையும் நோயும் ஒட்டிக்கொண்டு போகாதிருக்க. பென்குவின் பறவைக்கு ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கடலோரத்தில் பொழுதுபோக்குக்காக டிரோன் விடக் கூடாது என்று பயண நிறுவனங்களின் சங்கமே தடை போட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்காக விடுகிறவர்களுக்கும் 2018-ல் ஒப்பந்த நாடுகள் கூடி வழிமுறை வகுத்தன. கோடீஸ்வரனும் அங்கே அனுமதி கேட்டுத்தான் நிற்கிறான். நாம் கேட்பதில் என்ன குறைச்சல்?

அதற்காக, பெர்மிட் என்றாலே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. பெலும் காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தெமெங்கோர் காட்டில் மரம் வெட்டவும் உரிமம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதுவும் காகிதம்தான், முத்திரை குத்தியதுதான். தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, அதற்கும் எல்லா அனுமதியும் முறையாகவே இருந்தது. லயத்தில் இருந்தவனை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே ஒரு பெர்மிட்டைப் பார்த்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது யாரிடமிருந்து யாரைக் காக்கிறது? எளியவனை வெளியேற்ற வலியவன் எழுதியதா, அல்லது வலியவன் உள்ளே நுழையுமுன் எளியதின் வாசலில் நின்று கேட்கச் சொல்வதா?

அந்தக் காட்டில் பறவைகள் மட்டுமல்ல, மனிதர்களும் இருக்கிறார்கள். தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். அந்தக் காலத்தில் லயத்துப் பொதுக் குழாயடியில் நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, எவனோ ஒரு சுற்றுலாக்காரன் மேலே ஒரு யந்திரத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுத்திருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா? விளக்குமாற்றை எடுத்திருக்க மாட்டீர்களா? ஜஹாய் குடியிருப்பின் பெண்களுக்கும் அதே மானம்தான்.

டிரோன் வைத்திருக்கும் இளைஞர்கள் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்து விதிகள் இதற்கும் உண்டு. 400 அடிக்கு மேலும் விமான நிலைய வட்டாரத்திலும் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஈப்போ விமான நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருப்பதை மறந்துவிடாதீர்கள். வானிலிருந்து படம் எடுப்பதற்கு நில அளவை இலாகாவின் அனுமதியும் உண்டு. காட்டுக்குப் போவதானால் புறப்படும் முன்பே பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். படித்துறையில் நின்று சண்டை போடுவது குடும்பத்தின் விடுமுறையைத்தான் கெடுக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டார் போய் வந்துவிட்டார்கள். பெட்டி திறக்கப்படவில்லை. பையன் கையில் இருந்த சாதாரணக் கேமராவில், ஏரிக்கு மேலே இரண்டு இருவாச்சிகள் பறக்கும் படம் ஒன்று மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. சிறகடிக்கும் சத்தம் ரயில் வருவது போலக் கேட்டதாம்.

அந்தப் படத்தைப் பாட்டியிடம் காட்டி, பொந்துக்குள் அடைந்து கிடக்கும் தாய்ப்பறவையின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ எங்களை அனுப்பின பெர்மிட்டு வேற, இது வேற. இது அதுங்க வீட்டுக் கதவைத் தட்டிட்டுப் போறது" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்க கதவைத்தான் அன்னிக்கு யாரும் தட்டல" என்றும் சொன்னார்.

அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நமக்குக் கிடைக்காத மரியாதையை நாமாவது பிறருக்குக் கொடுப்போம்.