“இந்தியர்களுக்கு இல்லை”: வாடகை வீடு தேடும் நம் குடும்பங்களுக்கு



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முஸ்தபா கடைப் பக்கமிருந்து சையது ஆல்வி சாலை வழியாக ஜாலான் புசார் வரை நடந்து பாருங்கள். மளிகைக் கடை வாசல்களிலும் தூண்களிலும் சிறு காகிதங்கள் ஒட்டியிருக்கும். “அறை வாடகைக்கு”, “பெண்கள் மட்டும்”, “சமைக்கக் கூடாது”. அவற்றின் முன் நின்று தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்பவர்களில் பாதிப்பேர் நம் ஆட்கள்தாம். ஒருவருக்கு அடுத்த மாதம் ஊரிலிருந்து மனைவியும் குழந்தையும் வரப்போகிறார்கள். ஒருவர் ஜொகூரிலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து வந்து அலுத்துப்போனவர். இன்னொருவர் இங்கேயே பிறந்து வளர்ந்து, முன்பதிவு செய்த வீவக வீடு கட்டி முடியும்வரை எங்காவது ஒண்டிக்கொள்ள வேண்டியவர். மூவருக்கும் அட்டையின் நிறம் வேறு, சம்பளம் வேறு. ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் வரும் முதல் கேள்வி மூவருக்கும் ஒன்றுதான்.

“சார், என்ன ரேஸ்?”

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

2014ஆம் ஆண்டு மே மாதம் பிபிசி இந்த விஷயத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னது. அப்போது ஒரு பெரிய சொத்து விளம்பர இணையதளத்தில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வாடகை விளம்பரங்கள், இந்தியர்களோ சீனாவிலிருந்து வந்தவர்களோ வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தன. எழுதியவர்களுக்குக் கூச்சமே இல்லை. அந்தச் செய்திக்குப் பிறகு சலசலப்பு எழுந்தது. ஒரு இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்தும், ஒதுக்கும் விளம்பரங்களை முகவர்கள் வெளியிடக் கூடாது என்பது சிஇஏ என்னும் சொத்து முகவர் மன்றத்தின் வழிகாட்டுதல். இன்று அப்படி அப்பட்டமாக எழுதுபவர்கள் குறைவு. ஆனால் பாகுபாடு போய்விட்டதா? இல்லை. விளம்பரத்திலிருந்து வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. இனம், நாடு, அனுமதி அட்டை, எத்தனை பேர், எப்போது வருவீர்கள் என்று ஒரு பட்டியலை அனுப்பி நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பி அனுப்பினால் பதில் வராது, அல்லது “ஓனர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்” என்று வரும். அதே வீடு மூன்று வாரம் கழித்தும் விளம்பரத்தில் இருக்கும்.

இதை எழுதுபவனுக்கும் ஓர் அனுபவம் உண்டு. தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசியபோது “உடனே வாருங்கள்” என்றவர், மாடி ஏறி நின்றதும் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்போதுதான் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்” என்றார். காலணியைக் கழற்றக்கூட நேரம் கிடைக்கவில்லை. மனைவி ஒன்றும் பேசாமல் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினாள். அந்த மௌனத்தை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள்.

காரணம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வார்கள்: சமையல். மசாலா வாசனை சுவரில் ஏறிவிடும், எண்ணெய் அடுப்படியில் படிந்துவிடும் என்பார்கள். விளம்பரத்தில் இதற்கு நாகரிகமான பெயர் “லைட் குக்கிங்”. 2011 ஆகஸ்டில் வெளிவந்த செய்தியை நினைத்துப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் செய்தது. சமூக சமரச நிலையத்தில், அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பதாக நம் குடும்பம் ஒப்புக்கொண்டது. செய்தி வெளியானதும் சிங்கப்பூரர்கள் கொதித்தார்கள். ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லோரும் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் சீனர்கள், மலாய்க்காரர்கள், யுரேஷியர்கள் எல்லோரும் உண்டு. கறி இந்த நாட்டின் உணவு என்று அன்று உறுதியாகச் சொன்னார்கள். நல்லது, மகிழ்ச்சி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கறி சமைத்த எத்தனை வீட்டுக்காரர்கள் திங்கட்கிழமை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வீடு கொடுக்கத் தயாராக இருந்தார்கள்? எண்ணெய்ப் பிசுக்கு ஒரு உண்மையான கவலை என்றால், காலி செய்யும்போது அடுப்படியைச் சுத்தம் செய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும். யார் வந்தாலும் அந்த வரி பொருந்தும். இனம் கேட்கத் தேவையில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வீவக வீடு வாங்கும்போது அரசே நம் இனத்தை எண்ணுகிறது. 1989 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கைதான் அது. அதை அறிவித்த அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். ஒரு இனம் ஒரே வட்டாரத்தில் குவிந்துவிடக் கூடாது, கலந்து வாழ வேண்டும் என்பது நோக்கம். 2010 முதல் இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. சீனர்களுக்கு 84, 87. வரம்பு நிரம்பிய புளோக்கில் இருக்கும் நம் குடும்பம் வீட்டை விற்கப் போனால், பெரும்பான்மை இனத்தவருக்கு விற்க முடியாமல் விலை குறைத்துக் கொடுத்த கதைகள் ஏராளம். அப்படிச் சிக்கிக்கொண்டவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளக் கோரும் வழி 2022 மார்ச்சில்தான் வந்தது, முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து!

இந்தக் கொள்கை முழுவதும் தவறு என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் சீன, மலாய்ப் பிள்ளைகளோடு ஒரே புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடி வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நம் கேள்வி வேறு. கலந்து வாழ்வது அவ்வளவு முக்கியம் என்றால், வாங்குபவரின் இனத்தைப் புளோக் வாரியாக எண்ணும் அரசு, வாடகைக்கு விடும் ஒருவர் இனத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தும்போது ஏன் ஒதுங்கி நிற்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சமத்துவம் பேசுகிறது. ஆனால் அது சட்டத்தையும் பொது அதிகார அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்துகிறது, தனிப்பட்ட வீட்டுக்காரரை அல்ல. 2021 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், வேலை தேடும்போதும் வாடகை வீடு தேடும்போதும் சிறுபான்மையினர் படும் சிரமத்தைக் குறிப்பிட்டார். வேலைக்கு வழி பிறந்தது. 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த மாதமே இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நிறைவேறியது. வாடகை வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்? பிரிட்டனில் ஒரு காலத்தில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று ஜன்னலில் அட்டை தொங்கவிட்டார்கள். 1965இல் வந்த இனச் சட்டம் வீட்டைத் தொடவில்லை, பொது இடங்களோடு நின்றுவிட்டது. மூன்று ஆண்டுகள் போராடி 1968இல் வீட்டையும் வேலையையும் அதில் சேர்க்க வைத்தார்கள். அதே 1968இல் அமெரிக்காவிலும் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில். சட்டம் வந்ததும் மனம் மாறிவிடவில்லை, உண்மைதான். ஆனால் அட்டை இறங்கியது. மறுக்கப்பட்டவருக்குப் போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது. நம் கோரிக்கையும் அவ்வளவுதான். வாடகைக்கு விடுவதில் இனப்பாகுபாடு காட்டுவதைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை மட்டும் விடுபவருக்கு வேண்டுமானால் விலக்கு கொடுக்கட்டும், அதைப் பேசித் தீர்க்கலாம். முழு வீட்டை வியாபாரமாக விடுபவருக்கு எதற்கு விலக்கு?

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தேக்காவைச் சுற்றி வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் சிலர் “பங்களாதேஷ் ஆள் வேண்டாம்”, “கட்டுமான ஆள் வேண்டாம்” என்கிறார்கள். இன்னும் சிலர் வீடு கேட்டு வந்தவரிடம் “தம்பி எந்த ஊர்?” என்று ஆரம்பித்து, “உங்க ஆளுங்க யாரு?” என்று சாதியில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். 2008இல் சிராங்கூன் கார்டன் குடியிருப்பாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பழைய பள்ளிக் கட்டடத்தில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி வரக் கூடாதென்று கையெழுத்திட்டபோது நாம் கோபப்பட்டோம். விடுதி வந்தது, ஆனால் தொழிலாளர் போய்வரத் தனிச் சாலை போட்டார்கள். அந்தத் தனிச் சாலையை நம் வீட்டு வாசலில் நாமே போட்டுக்கொண்டு, மற்றவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, சட்டம் வரும்வரை வீடு தேடாமல் இருக்க முடியுமா? புதிதாக வருபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் விதி தெரியாததால்தான். தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை, செய்முறைத் துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர், மலேசியராக இல்லாவிட்டால், வீவக வீட்டில் வாடகைக்குக் குடியிருக்க முடியாது. இதை மறைத்து யாராவது அறை தருகிறேன் என்றால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். எஸ் பாஸில் இருப்பவர் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் மனைவி மக்களை அழைத்துவர நிரந்தர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு முன்பணம் கொடுத்த பிறகு அல்ல. முழு வீவக வீட்டை எடுப்பதில் குடிமக்கள் அல்லாதோருக்கு 2014 ஜனவரி முதல் வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு என்று வரம்பு உண்டு. மலேசியர்களுக்கு இந்த வரம்பு இல்லை. அறை மட்டும் எடுத்தாலும் இல்லை. ஆகவே “கோட்டா முடிந்துவிட்டது” என்று முகவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம். அறைக்கு அப்படிச் சொன்னால் அது சாக்குதான்.

வீவக வீட்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறைந்த ஒப்பந்தம் கிடையாது. தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். வீட்டுக்காரர் வீவகவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். ஓர் அறையைப் பூட்டிவிட்டு, தானும் குடியிருப்பதாகக் கணக்குக் காட்டி, மீதி வீட்டை முழுதாக விடுபவர்கள் இருக்கிறார்கள். வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கும். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் பெட்டி படுக்கையோடு நிற்பது நீங்கள். மூவறை வீட்டில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது. நான்கறை அல்லது அதைவிடப் பெரிய வீட்டில், உறவில்லாதவர்கள் எட்டுப் பேர் வரை தங்க 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக அனுமதித்திருக்கிறார்கள்.

பணம் கொடுக்கும் இடத்தில் கவனம் தேவை. வீவக வாடகைப் பணத்தையோ டெபாசிட்டையோ முகவர் தன் கையில் வாங்கக் கூடாது, அது சட்டம். வீட்டுக்காரர் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்புங்கள். வீட்டைப் பார்க்கும் முன்பே “புக்கிங்” பணம் கேட்டால் அது மோசடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். முகவரின் பதிவு எண் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். சிஇஏ பதிவேட்டில் அந்த எண்ணையும் தொலைபேசி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒரே முகவர் இரு தரப்புக்கும் முகவராக இருக்கக் கூடாது. தரகுக்கு நிர்ணயிக்கப்பட்ட விகிதம் எதுவும் கிடையாது, பேசிக் குறைக்கலாம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். நான்கு ஆண்டுக்குள்ளான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வெள்ளி என்று ஓராண்டுக்கு எடுத்தால் 144 வெள்ளி. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், முத்திரையில்லாத ஒப்பந்தம் வழக்கில் செல்லாது. குடிபோகும் நாளன்று சுவர், தரை, குளிர்சாதனம், அடுப்படி எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை அது விசாரிக்கும், 20,000 வெள்ளி வரை. வழக்கறிஞர் வேண்டாம், வழக்கறிஞருக்கு அங்கே இடமும் இல்லை. நம் குடும்பங்கள் பல, “பாஸ் கேன்சல் பண்ணிடுவாங்களோ” என்ற பயத்தில் இரண்டு மாத வாடகையை விட்டுவிட்டு ஊருக்குப் போகின்றன. டெபாசிட் தகராறுக்கும் பாஸுக்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக ஒன்று. “இந்தியர் வேண்டாம்” என்று உங்களுக்கு வரும் செய்தியை அழிக்காதீர்கள். திரைப்படம் எடுத்து, தேதி, விளம்பரம், முகவரின் பதிவு எண் ஆகியவற்றோடு சிஇஏவுக்குப் புகார் கொடுங்கள். ஒரு பிரதியை நமக்கும் அனுப்புங்கள். உங்கள் பெயரோ முகவரியோ வெளியே போகாது. இப்படி எத்தனை குடும்பங்கள் என்று கேட்கும் நாடாளுமன்ற உறுப்பினர் முன் வைக்க நம்மிடம் இன்று இருப்பது வாய்ச்சொல் மட்டும்தான். காகிதமாக ஐம்பது இருந்தால் அவருடைய மக்கள் சந்திப்பு நாளன்று நாம் வரிசையில் போய் உட்காரலாம்.