சுவர் வாடகை போக மிச்சம் என்ன? கையால் செய்த கலைக்குக் கண்காட்சி வைப்பவர்களின் கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காபி குடிக்கப் போன இடத்துக்குப் பக்கத்தில், 'ஓவியக் கண்காட்சி - அனுமதி இலவசம்' என்று ஒரு பேனர். சும்மா பார்ப்போமே என்று உள்ளே நுழைகிறீர்கள். வெள்ளைச் சுவர், மஞ்சள் விளக்கு, மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த அம்மா உங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார். நீங்கள் ஒரு தஞ்சாவூர் ஓவியத்துக்கு முன்னால் நின்று, குனிந்து விலைச்சீட்டைப் படிக்கிறீர்கள். "பதினெட்டாயிரமா? ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்கே கிடைக்குதே..." என்று கூட வந்தவர் காதில் கிசுகிசுக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கும் அது கேட்கிறது. சிரிக்கிறார். நீங்கள் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள்.

தப்பா நினைக்காதீங்க. நானும் அப்படிப் பல தடவை கிளம்பியவள்தான். போன வருஷம் அந்த நாற்காலியில் என் சித்தி உட்கார்ந்திருந்தபோதுதான், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பது எனக்குப் புரிந்தது.

சித்திக்கு 54 வயசு. கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் கற்றுக்கொண்டது தஞ்சாவூர் ஓவியம். இன்று வீட்டின் ஒரு அறை முழுக்கப் பலகையும் பிரஷ்ஷும்தான். அவரைப்போலவே கற்றுக்கொண்ட 9 பெண்கள் சேர்ந்து, நகரத்தில் ஒரு ஹாலை 3 நாள் வாடகைக்கு எடுத்தார்கள். பெயர் வேண்டாம். 'உள்ளூர்க் கலைஞர்களுக்கான இடம்' என்று சொல்லிக்கொள்ளும் ஹால்தான் அது.

கணக்கைப் பாருங்கள். சித்தியின் பங்குக்கு ஹால் வாடகை 4,000 ரூபாய். படங்களைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேனுக்கு 800. பேனர், அழைப்பிதழ் 600. வந்தவர்களுக்கு டீ, பிஸ்கட் என்று 500. ஆக 5,900. சித்தி மாட்டிய 4 படங்களில் விற்றது ஒரே ஒரு சின்னப் பிள்ளையார். விலை 6,500. அதில் ஹால்காரர்களுக்கு 20 சதவிகிதம் கமிஷன், 1,300 ரூபாய். ஆமாம், வாடகையும் உண்டு, கமிஷனும் உண்டு! கைக்கு வந்தது 5,200. மொத்தத்தில் 700 ரூபாய் நஷ்டம்.

இதில் பலகை, துணி, கல், தங்கரேக்கு, ஃபிரேம் எதையும் நான் சேர்க்கவில்லை. அந்தப் பிள்ளையாருக்கு முன்னால் 3 வாரம் குனிந்து உட்கார்ந்த முதுகையும் சேர்க்கவில்லை.

"அதுக்கென்னடி, 3 நாளும் எத்தனை பேர் வந்து பார்த்தாங்க!" என்றார் சித்தி. இந்த 'அதுக்கென்ன'வை நம்பித்தான் ஊரில் பாதிக் கண்காட்சிகள் நடக்கின்றன என்பது என் கருத்து. சம்பாதிக்கும் கணவரோ பிள்ளையோ வீட்டில் இருப்பவர்களால் அப்படிச் சொல்ல முடியும். இதையே பிழைப்பாக வைத்திருப்பவர் என்ன செய்வார்?

2,000 ரூபாய் படமும் 18,000 ரூபாய் படமும்

முதலில் அந்த ஆன்லைன் விலைக்கு வருவோம். தஞ்சாவூர் ஓவியம் என்பது உண்மையில் பாதி ஓவியம், பாதி தச்சும் நகை வேலையும். பலகை மேல் துணியை ஒட்ட வேண்டும். அதன் மேல் சாக் பவுடரும் பசையும் கலந்த பூச்சு, காயவைத்துத் தேய்ப்பு, மறுபடி பூச்சு. பிறகு கோட்டோவியம். கல் பதிக்க வேண்டும். அதே சாக் பவுடரைக் குழைத்து நகை, தூண், மண்டபம் எல்லாவற்றையும் மேடு மேடாக எழுப்ப வேண்டும். இதை 'மக்கு வேலை' என்பார்கள். அந்த மேட்டின் மேல் தங்கரேக்கை வெட்டி ஒட்டிய பிறகுதான் வண்ணம். முகத்தையும் கண்ணையும் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதுவார்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் பூச்சு சரியாகக் காயாவிட்டால் சில மாதத்தில் விரிசல் விடும்.

இதில் தங்கம் நிஜத் தங்கம். 2025-ல் தங்கம் விலை ஏறிய வேகம் நகைக்கடை வாசலில் நின்ற நமக்குத் தெரியும். அதே விலைதான் ரேக்கு வாங்குபவர்களையும் அடித்தது. இப்போது படம் போடுபவர் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, விலையை ஏற்றி, 'இவ்ளோவா?' என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பது. இன்னொன்று, பார்க்கத் தங்கம் போலவே இருக்கும் மலிவான தாளை ஒட்டுவது. புதிதில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். சில வருஷம் போனால் போலி கறுத்துப்போகும், தங்கம் அப்படியே இருக்கும். ஆனால், விற்பனை நடப்பது முதல் நாள்தானே!

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கருப்பூர் கலம்காரிக்கும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும்கூட உண்டு. குறியீடு பெயரைக் காக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் நீங்கள் பார்க்கும் படத்தின் மேல் ஒட்டியிருப்பது எந்த ரேக்கு என்பதை அது வந்து சொல்லாது.

கேன்வாஸ் ஓவியத்தில் வேறு விதம். கம்ப்யூட்டரில் பிரின்ட் எடுத்து, அதன் மேல் நிறமில்லாத ஜெல்லைப் பிரஷ்ஷால் தடவிவிட்டால், தொட்டுப் பார்ப்பவருக்குக் கையால் வரைந்தது போலவே இருக்கும். வாங்கும்முன் ஒரு வேலை செய்யுங்கள். போன் கேமராவை நன்றாக ஜூம் செய்து பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பிரின்ட். பிரஷ் தடம் ஒரு பக்கம் போக, நிறம் வேறு பக்கம் போனாலும் சந்தேகப்படலாம். பிரின்ட் விற்பது குற்றமில்லை, பிரின்ட் என்று சொல்லி விற்கும்வரை.

இது போதாதென்று 2025 மார்ச்சில் வந்தது கிப்லி அலை. நம்மில் எத்தனை பேர் கல்யாண போட்டோவைச் சாட்ஜிபிடி-யில் போட்டு கார்ட்டூனாக மாற்றி ஸ்டேட்டஸ் வைத்தோம்? நானும் வைத்தேன். அதுவரை, 'உங்க போட்டோவை பென்சில்ல வரைஞ்சு தர்றேன்' என்று இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்களை அந்த வாரம் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, எதை வேண்டுமானாலும் ஒரு நொடியில் வரைந்து தரும் மெஷின் வந்த பிறகு, படத்துக்குப் பக்கத்தில் அதை வரைந்தவர் நின்று, 'இந்த இடத்துல பூச்சு காயவே இல்லைங்க, ரெண்டு தடவை சுரண்டினேன்' என்று சொல்லும் இடத்துக்கு மதிப்பு கூடத்தானே வேண்டும்? அந்த இடத்தின் பெயர்தான் கண்காட்சி. அதனால்தான் சுவர் வாடகையைப் பற்றி இவ்வளவு புலம்புகிறேன்.

வரி குறைந்தது, யாருக்கு?

2025 செப்டம்பர் 22 முதல் கையால் வரைந்த ஓவியங்கள், சிற்பங்கள் மீதான ஜிஎஸ்டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. பல கைவினைப் பொருட்களுக்கும் அதே குறைப்பு. நல்ல விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால், பலன் போய்ச் சேருவது பெரிய கேலரிகளுக்கும் அங்கே வாங்குபவர்களுக்கும். வருடத்துக்கு நாலு படம் விற்கும் சித்தி மாதிரியானவர்கள் ஜிஎஸ்டி பதிவே செய்யத் தேவையில்லாத அளவில் இருக்கிறார்கள். அவர்கள் போடும் பில்லில் முன்பும் வரி இல்லை, இப்போதும் இல்லை. ஆனால், ஜிஎஸ்டி பதிவுள்ள ஹாலை வாடகைக்கு எடுத்தால், அந்த பில்லில் 18 சதவிகிதம் அப்படியே இருக்கிறது. பதிவு இல்லாதவர் அதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. படத்துக்கு வரி குறைந்தது, படம் மாட்டும் ஆணிக்குக் குறையவில்லை.

அரசுத் திட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. 2023-ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். குயவர், சிற்பி, பொம்மை செய்பவர், பாய் பின்னுபவர் உண்டு. ஓவியர் இல்லை. அது குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று சொல்லி ஏற்க மறுத்த தமிழக அரசு, 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் தொழில்களின் எண்ணிக்கை கூடுதல், மானியத்தோடு கடனும் உண்டு. அரசியல் சண்டையை விடுங்கள். இரண்டுமே அடிப்படையில் பயிற்சியும் கடனும்தான். கடன் வாங்கி நிறைய செய்யலாம். செய்ததை எங்கே வைத்து நாலு பேருக்குக் காட்டுவது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

60 வருஷத்துக்கு முன்னால் போட்ட அதே கணக்கு

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். தன் மாணவர்கள் படிப்பை முடித்ததும் ஏதாவது ஒரு வேலைக்குப் போய் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நவீன ஓவியத்தை வாங்க ஆள் இல்லை. ஆனால், பாடிக் துணி, தோல் வேலை, மண்பாண்டம் போன்றவற்றை வாங்க ஆள் இருந்தது. கலைஞர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். ஒரு பொழுது கைவினை, மறு பொழுது ஓவியம். கைவினைப் பொருட்களைக் கண்காட்சி வைத்து விற்ற பணத்தில், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக மனை வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

அன்றைக்கு அது வெறும் மணல் காடு. இன்று ஈசிஆரில் அந்த மனையின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அவர்கள் வாங்கியது வீடு கட்ட இடம் மட்டும் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தங்களுக்கென்று ஒரு சுவரையும் வாங்கினார்கள். தங்கள் படத்தைத் தங்கள் இடத்தில் மாட்டினார்கள். 2009-ல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் வந்தது. போகாதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மகாபலிபுரம் போகும் வழிதான்.

இன்றைக்கு 9 பெண்கள் சேர்ந்து ஈசிஆரில் மனை வாங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். சொந்தச் சுவர் முடியாதென்றால் பொதுச் சுவராவது வேண்டுமில்லையா? பெங்களூரைப் பாருங்கள். அங்கே கர்நாடக சித்ரகலா பரிஷத் 20 வருஷங்களுக்கும் மேலாக, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'சித்ரசந்தே' நடத்துகிறது. குமார கிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சாலையின் இரண்டு பக்கமும் ஓவியர்கள் கடை விரிப்பார்கள். பல மாநிலங்களிலிருந்து வருவார்கள். தஞ்சாவூர் ஓவியமும் அங்கே போகும். மக்கள் காய்கறிச் சந்தைக்கு வருவதுபோல வந்து, பேரம் பேசி, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்கள். ஏசி ஹாலுக்குள் நுழையவே தயங்கும் ஆட்களுக்குச் சாலையில் நடப்பதற்கு என்ன தயக்கம்?

சென்னையில் பாண்டி பஜாரில் 2019-லேயே அகலமான நடைபாதை வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு மாநகராட்சி சமூக நலக்கூடம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவற்றில் எத்தனை சும்மா பூட்டிக் கிடக்கின்றன என்று உங்கள் வார்டில் நீங்களே போய்ப் பாருங்கள். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். அந்த இரண்டு மாதங்களும் குறைந்த வாடகைக்கு, விற்றால் கமிஷன் கிடையாது என்ற நிபந்தனையோடு உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஒதுக்கினால் போதும். கவுன்சிலர் மனது வைத்தால் நடக்கிற காரியம்தான்.

அதுவரை நம் பங்குக்கு என்ன செய்யலாம்? 18,000 ரூபாய்க்குப் படம் வாங்க எல்லாராலும் முடியாது, என் சம்பளத்துக்கும் முடியாது. ஆனால், 'ஆன்லைன்ல கம்மி' என்பதற்குப் பதிலாக, 'இது தங்கரேக்குதானா, எத்தனை நாள் ஆச்சு?' என்று கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், அந்த நாற்காலி அம்மா அரை மணி நேரம் பேசுவார். பிடித்திருந்தால் அங்கேயே சின்னதாக ஒன்றை ஆர்டர் கொடுக்கலாம். சித்திக்கு அந்த 3 நாளில் படம் விற்றதைவிட உருப்படியாக நடந்தது அதுதான். பார்க்க வந்த ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்க 12 சின்ன லட்சுமி படங்கள் கேட்டார். அதில் கமிஷன் கிடையாது, வேன் செலவும் கிடையாது.

லட்சுமிகளை முடித்துக் கொடுத்துவிட்டார் சித்தி. இப்போது அதே 9 பேர் அடுத்த கண்காட்சிக்கு இடம் தேடுகிறார்கள். இந்த முறை ஹால் வேண்டாம், பக்கத்து அப்பார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்கைக் கேட்டிருக்கிறார்கள். அசோசியேஷன் செயலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.