பட்டா மட்டும் போதுமா?
மூலப் பத்திரம் காட்டாவிட்டால் கிரயம் பதிய மாட்டோம் என்ற தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஏ விதி செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது, ஓசூர் அருகிலுள்ள தொரப்பள்ளிதான் நினைவுக்கு வந்தது. ராஜாஜியின் தகப்பனார் அங்கே கிராம முன்சீப். எந்த வரப்பு யாருடையது என்பதற்கு அந்தக் காலத்தில் முன்சீப்பும் கர்ணமுமே பாதி அத்தாட்சி. 1980-இல் அந்தப் பதவிகளையே எடுத்துவிட்டார் எம்.ஜி.ஆர். இன்று ஓசூர்ச் சுற்றுவட்டாரத்தில் தகராறு என்றதும் எல்லாரும் பட்டாவைத்தான் நீட்டுகிறார்கள். அதுவோ வருவாய்த்துறைப் பதிவு, உரிமைக்கு முடிவான சான்று அல்ல என்று நீதிமன்றங்கள் சலிக்காமல் சொல்லி வருகின்றன. உரிமை கோரி வழக்குப் போட்டவர்தான் தன் பாத்தியதையை நிரூபிக்க வேண்டும். எதிராளியின் பத்திரத்தில் ஓட்டை காட்டிப் பயனில்லை. அனுபவத்தில் இருப்பவரை உரிமையாளர் இல்லை என்கிறவருக்கே சுமை. பழைய சாட்சியச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு அது, இப்போதைய சட்டத்தில் 113. நியாயமான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்த அரை ஏக்கரை விட்டுப் பெங்களூருக்குப் பிழைக்கப் போனவர் கதி? இடையில் யாரோ வேலி போட்டுவிட்டால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டவருக்குப் பத்திரமே வேண்டாம், முன்பு அனுபவித்ததைக் காட்டினால் போதும். இதை ஊரில் யாரும் சொல்வதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருகிறவர் அந்தக் கெடுவைத் தவறவிட்டாலும் முன் அனுபவத்தை வைத்து வழக்குப் போடலாம்; ஆனால் எதிராளி தனக்கே உரிமை என்று நிரூபிக்க முயன்றால், தாத்தா காலத்துப் பத்திரம்வரை தேடி அலைய வேண்டியதுதான்.