கருப்பு எலியும் 29 பறவைகளும்: மீட்சி கற்றுத்தரும் பாடம் என்ன?

பறவை அழியுதுன்னா, காட்டை வெட்டிட்டாங்கன்னுதான் நினைப்போம். பசிபிக் தீவுகளின் மொனார்க் ஈப்பிடிப்பான்களுக்கு எமன் வேறு: கப்பலில் வந்திறங்கிய கருப்பு எலி. மரமேறி முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். பிரெஞ்சு பாலினீசியாவின் ஃபாட்டு ஹிவா தீவில் 2000-ல் இந்த எலி தென்பட்டது. இன்று அங்குள்ள மொனார்க்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்போ மீட்கவே முடியாதா? முடியும். குக் தீவுகளின் ரரோட்டோங்காவில் 1989-ல் மிஞ்சியவை 29 'காக்கெரோரி' பறவைகள் மட்டுமே. கூடு கட்டும் பருவந்தோறும் எலி மருந்து வைத்தார்கள். நிலத்துக்கு உரிமையுள்ள குலத்தாரே 1996-ல் டாக்கிடுமு காப்பகப் பொறுப்பை ஏற்றார்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. 2001 முதல் கருப்பு எலி இல்லாத அட்டியு தீவிலும் சில பறவைகள் குடியேற்றப்பட்டன.

ஆனால், மருந்து வைப்பதை நிறுத்தினால் எலி மறுபடி பெருகிவிடும். 'அதான் காப்பாத்தியாச்சே' என்று நிதியை நிறுத்தக் கூடாது. எலி இன்னும் நுழையாத தீவுகளில் படகுத் துறைக் கண்காணிப்புக்கே முதல் பணம் ஒதுக்க வேண்டும். வந்தபின் விரட்டுவதைவிட, வராமல் தடுப்பதே எளிது.