புகையிரதம் திரும்பிவிட்டது, ஸ்ரேசன் எங்கே?

கனடாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் என் பள்ளித் தோழர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊருக்கு வந்திருந்தார். கொழும்பு கோட்டையிலிருந்து இருவரும் குளிரூட்டப்பட்ட விரைவு வண்டியில் யாழ்ப்பாணம் புறப்பட்டோம். கொடிகாமம் கழிந்ததும் அவர் இருக்கையை விட்டு எழுந்து யன்னலோரமாக நின்றுகொண்டார். அவருடைய ஊர் மீசாலை. மூன்று மொழிகளில் எழுதப்பட்ட பெயர்ப்பலகை ஒன்று கண்முன் தோன்றிய வேகத்திலேயே மறைந்தது. வண்டி நிற்கவில்லை. அது அங்கே நிற்கும் வண்டியும் அல்ல. "பேர்ப்பலகை கிடக்குது, ஸ்ரேசனைத்தான் காணேல்லை" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார் நண்பர்.

அவர் கண்ட கட்டடம் நிலையந்தான். புதிதாகக் கட்டப்பட்ட நல்ல நிலையம். ஆனாலும் அவருடைய சொல்லில் ஓர் உண்மை இருப்பதாகவே எனக்குப் பட்டது. அதை இங்கே எழுதிவைக்க விரும்புகின்றேன்.

வடபகுதிப் பாதை 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1902இல், யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. 1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி வந்தது. குடாநாட்டுக்குள் மட்டும் பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி, தச்சன்தோப்பு, நாவற்குழி, புங்கன்குளம், யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை என்று நிலையங்கள் வரிசையாக இருந்தன. சிறுவயதில் இந்தப் பெயர்களை ஒழுங்கு தவறாமல் ஒப்புவிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. சில இடங்களில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நடந்தே போய்விடலாம். அவ்வளவு நெருக்கமாக அவை அமைக்கப்பட்டதற்குக் காரணம், அவை தலைநகருக்குப் போகிறவர்களுக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல என்பதுதான். பள்ளிக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் போகிற ஊர்ச்சனம் ஏறி இறங்குவதற்கும் அவை இருந்தன.

கொழும்பில் அச்சாகிய நாளிதழ்கள் இரவுத் தபால் வண்டியில் வடக்கே வந்தன. நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில், விடியற்காலையில் ஸ்ரேசனில் பத்திரிகைக் கட்டு இறங்கும் சத்தத்தோடுதான் எங்களுடைய நாள் தொடங்கும். எழுதிய செய்தியை உறையில் இட்டு, கொழும்பு செல்லும் வண்டியின் கார்ட்டிடம் கொடுத்தனுப்பிய நாட்கள் உண்டு. விரைவு வண்டி நில்லாமற் போகும் சிறிய நிலையத்திலும் ஸ்ரேசன் மாஸ்ரர் வெளியே வந்து, வளையத்தில் கோத்த ரபிளட்டை ஓடும் வண்டிக்கு நீட்டுவார். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் அது இல்லாமல் வண்டி அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. அந்த ஒரு கணத்திலாவது, கொழும்பு வண்டி அந்தக் கிராமத்தின் அனுமதியோடுதான் முன்னே சென்றது.

பொருட்களின் கதை இன்னொன்று. காங்கேசன்துறை சீமெந்தும், ஆனையிறவு உப்பும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இந்தப் பாதையோரத்தில் அமைந்தவை. சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் சந்தைகள் நிலையங்களுக்கு அண்மையிலேயே இருந்தன. வெங்காயமும் புகையிலையும் தென்மராட்சி மாம்பழமும் கூடைகளிலும் சாக்குகளிலும் பிளாற்போமில் காத்துக் கிடக்கும். நிலையம் என்பது ஊரின் உழைப்பு வெளியே போகும் வாசலாக இருந்தது.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது அந்த வாசல் மூடப்பட்டது. ஜூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றுபோனது. அதன் பின்னர் நடந்தவற்றை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. கூரையிழந்த நிலையங்களின் சுவர்களில் ஆலும் அரசும் முளைத்தன. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாதையோர நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தன. ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். தண்டவாளமே இல்லாத அந்த இருபத்து நான்கு ஆண்டுகளிலும் எங்கள் மக்கள் வழிகேட்டவருக்கு "ஸ்ரேசனடியிலை இறங்குங்கோ" என்றுதான் சொல்லிவந்தார்கள். வண்டியையே கண்டிராத பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள்.

போர் முடிந்த பின், இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாக அமைத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும் வண்டி வந்தது. 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறையை எட்டியது. யாழ்ப்பாண நிலையத்தில் அன்று கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். வயதானவர்கள் சிலர் பெட்டியைக் கையால் தடவிப் பார்த்ததைக் கண்டேன். அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுகிறவன் அல்லன் நான். பாதை திரும்பியது பெரிய காரியம். அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால், காங்கேசன்துறைக்கு வண்டி வந்த அன்று, அவ்வூர் மக்களில் பலர் இன்னமும் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். வலிகாமம் வடக்கில் அவர்களுடைய காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. சொந்தக்காரருக்கு முன்னர் வண்டி வந்து சேர்ந்தது. சீமெந்துத் தொழிற்சாலை 1990ஆம் ஆண்டுடன் நின்றது நின்றதுதான். மாம்பழமும் வெங்காயமும் லொறிகளில் ஏ9 வீதியால் போகப் பழகிவிட்டன. ஆகவே நிலையங்கள் திரும்பின, அவற்றின் வேலை திரும்பவில்லை. பயணிகளுக்காகத் திறக்கப்பட்ட சிறிய நிலையங்கள் பலவற்றில் பகல் முழுவதும் பெயர்ப்பலகைதான் காவலிருக்கிறது.

சிறிய நிலையங்கள் கட்டுபடியாகா, பஸ் இருக்கிறதே என்பார்கள். இக்கேள்விக்கு 2022ஆம் ஆண்டு ஒரு பதில் கிடைத்தது. எரிபொருள் தட்டுப்பாட்டினால் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் முடங்கியிருந்த அவ்வேளையில், காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே 'யாழ் ராணி' என்ற உள்ளூர் வண்டி தொடங்கப்பட்டது. அலுவலகம் செல்வோரையும் மாணவரையும் எண்ணி விடப்பட்ட வண்டி அது. நெருக்கடியில் நினைவுக்கு வந்த அந்த ஏற்பாடு, நெருக்கடி இல்லாத காலத்திலும் ஊருக்கு வேண்டியதே. பள்ளி தொடங்கும் நேரத்துக்கும் சந்தை கூடும் நேரத்துக்கும் பொருந்துமாறு காலையும் மாலையும் உள்ளூர் வண்டிகள் ஓடுவதும், அவற்றோடு ஒரு பொதிப்பெட்டி இணைக்கப்படுவதும் நிலையான ஏற்பாடாக வேண்டும். புதிய தண்டவாளம் எதுவும் தேவையில்லை. நேர அட்டவணையில் சில வரிகள் போதும்.

இரண்டாவது விடயம் நினைவைப் பற்றியது. நூறாண்டு வயதுடைய நிலையங்களில் பெரும்பாலானவற்றின் இடிபாடுகள் அகற்றப்பட்டு, ஒரே அச்சில் வார்த்தது போன்ற கட்டடங்கள் எழுந்துள்ளன. அங்கே என்ன இருந்தது, ஏன் இல்லாமற் போயிற்று என்பதைச் சொல்ல ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை எண்ணிப் பாருங்கள். 1914 முதல் தலைமன்னார் இறங்குதுறையோடு கப்பலால் இணைந்திருந்த நிலையம் அது. 1964 டிசெம்பர் புயல் அதை அழித்தது. பயணிகளோடு ஒரு புகையிரதத்தையே கடல் கொண்டுபோனது. அந்த நிலையம் மீண்டும் எழவில்லை. ஆனால் அங்கே எஞ்சிய கற்சுவர்களைப் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்கள், நடந்ததைக் கேட்டறிகிறார்கள். இங்கே எங்களுக்கு நிலையம் கிடைத்தது, கதையை இழந்துகொண்டிருக்கிறோம்.

கதை தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். 1990இல் சேவை நின்றபோது முப்பது வயதாயிருந்த ஒரு சிக்னல்காரருக்கு இன்று அறுபத்தைந்து கடந்துவிட்டது. முதல் யாழ்தேவியில் வேலை செய்தவர்களில் எவரேனும் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். ரிக்கற் கொடுத்தவர், பொதி சுமந்தவர், நிலைய வாசலில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர் ஆகியோரில் பலர் ஸ்காபரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் பத்தாண்டுகள் கிடைக்குமா என்பது ஐயமே. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் பாதுகாத்துவரும் 'நூலகம்' போன்ற முயற்சிகள் இருக்கின்றன. எழுதியதைச் சேர்ப்பதற்கு இடமில்லை என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பழைய புகைப்படத்தையும் பத்து வரி வரலாற்றையும் சட்டமிட்டு மாட்டுவதற்கு அவ்வூர்ப் பழைய மாணவர் சங்கம் ஒன்றே போதும்.

என் நண்பர் மறுநாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டோ பிடித்து மீசாலைக்குப் போனார். ஓட்டோக்காரத் தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும். எங்கே போகவேண்டும் என்று கேட்டதற்கு நண்பர் பழைய பழக்கத்தில் "ஸ்ரேசனடி" என்றிருக்கிறார். தம்பி வேறு எதுவும் கேட்காமல் நேரே கொண்டுபோய் இறக்கிவிட்டான். பிளாற்போமில் ஒரு மணித்தியாலம் இருந்தாராம். வண்டி எதுவும் வரவில்லை என்றார். "ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு கிழவர் அங்கை இருந்தார். அப்பா மாம்பழம் அனுப்பின கதையை அவர்தான் சொன்னார்."

அந்தக் கிழவர் சொன்னதை எழுதி எடுத்தீரா என்று கேட்டேன். இல்லை என்றார். அடுத்த முறை எழுதுவதாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அடுத்த முறை அவர் வருவதற்குள் கிழவர் காலமாகிவிட்டார்.