உலக்கைச் சத்தம்

"படம் சுமார்தான் சார், மியூசிக்தான் தூக்கி நிறுத்திவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர் சங்கீதக்காரரைப் புகழ்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் ஒரு நல்ல வித்வானைச் சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையாக அல்லவா ஆக்கிவிடுகிறார்! டைரக்டருக்கோ இதைவிட வசதி வேறு வேண்டாம். காட்சி ஓட்டையாக வந்துவிட்டதா? 'ரீ-ரிக்கார்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.' தமிழ் சினிமாவைக் கெடுத்த வசனங்களில் முதல் பரிசை நான் இதற்கே கொடுப்பேன்.

சாய்வு நாற்காலியில் கிடந்துகொண்டு இதைச் சொல்லவில்லை. சூடு பட்டுத்தான் சொல்கிறேன்.

என் சிறுகதை ஒன்றைக் குறும்படமாக எடுக்க ஓர் இளைஞர் கேட்டார்; கொடுத்தேன். படப்பிடிப்பு ஜவ்வாது மலையில். போளூரில் பஸ் ஏறி, வளைவுகளில் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தேன். கதை பெரிதல்ல. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. கிழவி தினமும் மாலையில் வாசலில் சாமை குத்துகிறாள். அவ்வளவுதான். நடித்தவள் அந்த ஊர்க் கிழவியே. உரலில் உலக்கை விழுகிற சத்தம் எதிர்ச்சரிவில் போய் முட்டித் திரும்பி வந்தது. நடுவே உதவி டைரக்டர் பையன் ஒருவன், "ஆயா, குத்திக்கினே ரெண்டு வார்த்தை பேசு" என்றான்.

"பேசிக்கினே குத்தினா மூச்சு எங்கயிருந்து வரும்?" என்றாள் அவள்.

சிறிது நேரத்தில் தொலைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தூக்கிய உலக்கை தூக்கியபடியே நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பஸ் அந்த ஊரில் நிற்காமல் போயிற்று. உலக்கை மறுபடி விழுந்தது. அந்த இடத்துக்கு நான் அரைப் பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தேன். அன்றிரவு நானே அதை அடித்துவிட்டேன். எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது லேசான காரியம் இல்லை என்பதை வாசகர்கள் நம்ப வேண்டும்.

நான்கு மாதம் கழித்துச் சென்னையில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கிழவி உலக்கையைத் தூக்கினாளோ இல்லையோ, வயலின்கள் புறப்பட்டன. வயலின்களோ, வயலின் மாதிரி ஒலிக்கும் கம்ப்யூட்டரோ, பகவானுக்கே வெளிச்சம். உலக்கை விழுகிறது, சத்தம் இல்லை. பஸ் வருகிறது, ஹாரன் இல்லை. உலக்கை அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்து ஆசனக்காரர் என் காதில், "ஏன் நிறுத்திட்டா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்!

மறுநாள் அந்த இசையமைப்பாளரோடு சண்டை போடவே போனேன். சாதுவான பிள்ளை. "சார், எனக்கு வந்த காட்சியில் சத்தமே இல்லை. ஊமையாக வந்தது. கூடவே ஒரு வரி: சோகம், இரண்டு நிமிஷம். ஜவ்வாது மலை எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது" என்றார். என் கோபம் அங்கேயே விலாசம் மாறிவிட்டது.

1955-இல் வந்த 'பதேர் பாஞ்சாலி'யில் ஒரு காட்சி. வெளியூரிலிருந்து திரும்பும் ஹரிஹரன், மகள் துர்க்கா இறந்தது தெரியாமல், அவளுக்கென்று வாங்கி வந்த புடவையை மனைவியிடம் காட்டுகிறான். சர்வஜயா உடைந்து கதறுகிறாள். ஆனால் நமக்குக் கேட்பது அவள் குரல் அல்ல. தார் ஷெனாய் என்னும் நரம்பு வாத்தியம். சத்யஜித் ராயும் ரவிசங்கரும் சேர்ந்து செய்த முதல் படம் அது. ரவிசங்கரின் இசை ஒரே இரவில் பதிவாயிற்று; ஆகவே 'நேரம் இல்லை சார்' என்கிற சாக்கு என்னிடம் செல்லாது. ஒரு தாயின் அழுகையை, அதுவும் அப்படி நடித்த ஒருத்தியின் அழுகையை, எடுத்துவிடச் சம்மதித்தாரே டைரக்டர், அதைக் கவனியுங்கள். வாத்தியம் உட்கார ஓர் ஆசனத்தைக் காலி செய்து கொடுத்தார். நம்மவர்களோ எல்லா ஆசனத்திலும் ஆளை உட்கார்த்திவிட்டு, மடியில் ஏறி உட்காரச் சொல்கிறார்கள்.

வங்காளத்துக்கு ஏன் போக வேண்டும்? மகேந்திரன் இருந்தார். 'தங்கப்பதக்கம்' (1974) படத்துக்கு வசனம் எழுதிக் கைதட்டல் வாங்கியவர். வசனமே அவருக்குச் சோறு போட்டது. அவர் 1978-இல் உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு 'முள்ளும் மலரும்' படத்தால் டைரக்டரானபோது, முதலில் கத்தி வைத்தது தம் சொந்தச் சரக்கான வசனத்தின் மேல். அடுத்த ஆண்டு, புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த 'உதிரிப்பூக்கள்'. பேச்சு காலி செய்த இடத்தில் பாத்திரங்களின் முகம் வந்தது, காற்று வந்தது, அப்புறம் இளையராஜா வந்தார். 1986 வரை அந்தக் கூட்டு நீடித்தது. இதில் யார் பெரியவர் என்று ரஸிகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். வசனகர்த்தா மகேந்திரன் எழுந்து இடம் விட்டிராவிட்டால் இளையராஜா எங்கே உட்கார்ந்திருப்பார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு நியாயம் சொல்லத்தான் வேண்டும். ராய் 1961-இல் 'தீன் கன்யா'விலிருந்து தம் படங்களுக்குத் தாமே இசையமைக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே கூட்டு என்பது எப்போதும் தேனும் பாலுமாக இருந்துவிடாது. இருக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. 'இந்த இடத்துக்கு என் வாத்தியம் வேண்டாம்' என்று சண்டை போடுகிற இசையமைப்பாளர் எனக்கு மிகவும் உயர்ந்தவர். ஆனால் அந்தச் சண்டையைப் போடுவதற்காவது உலக்கைச் சத்தம் அவர் காதில் விழ வேண்டாமா?

அதே ஜவ்வாது மலையில் காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி ஒன்று, வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயர் தாங்கி, 1986 முதல் அங்கே நிற்கிறது. நகரத்து விளக்கு வெளிச்சம் நட்சத்திரத்தை மறைக்கும் என்றுதான், இருட்டைத் தேடி அந்த மலைக்குப் போனார்கள். நம் குறும்படக்காரர்களும் அதே மலைக்கு அவ்வளவு தூரம் போனார்கள். போய், அங்கிருந்த நிசப்தத்தைக் கொண்டுவந்து, சென்னையில் ஒரு குளிர்பதன அறைக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.

அந்த இளைஞருக்கு எழுதினேன். முழுவதையும் மாற்ற வேண்டாம். ஹாரனுக்கு முன்னால் பத்து விநாடி, பின்னால் பத்து விநாடி, வயலினை நிறுத்துங்கள் என்று கேட்டேன். உடனே போனில் கூப்பிட்டார்.

"சார், அந்த மியூசிக்குக் காசு கொடுத்தாச்சு சார்."

"பஸ் ஹாரன் இலவசமாக வந்தது தம்பி" என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.