தக்காளியும் குளிர்சாதனப் பெட்டியும்

கடையிலிருந்து வந்த தக்காளியை உடனே கழுவிக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிட்டால் கெடாது என்பதும், தொடும்போது தளர்ந்தோ தோல் சுருங்கியோ இருந்தால் அது கெட்டுப்போனதே என்பதும், ஓரிடத்தில் மட்டும் பூசணம் கண்டிருந்தால் அவ்விடத்தை அரிந்தெறிந்துவிட்டு மீதியைக் கொதிக்கவைத்தால் தோஷம் நீங்கிவிடும் என்பதும் இன்று நம் இல்லங்களில் கேள்வியின்றி நிலவும் அபிப்பிராயங்கள். இவற்றை நம்புவதால் நல்ல பழம் குப்பைக்கும் தகாத பழம் அடுப்புக்கும் போகின்றன. ஆகையால் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பது அவசியமாகிறது.

குளிரின் விஷயமே பிரதானமானது. தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தோன்றி, மெக்சிகோவில் பண்பட்ட பயிராகி, பிறகு உலகெங்கும் பரவிய இச்செடியின் கனி, பறித்த பின்னும் ஜீவனற்றுப் போவதில்லை. அது சுவாசித்தபடியே எத்திலீன் என்னும் வாயுவைத் தனக்குள் உற்பத்தி செய்துகொண்டு, காய் நிலையிலிருந்து செங்காயாகி, செங்காயிலிருந்து பழமாகிறது. ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே போகும் குளிரில் இந்தக் கிரமம் தடைப்படுகிறது. நம் பெட்டிகளில் இருப்பதோ 4, 5 டிகிரிக் குளிர். அங்கே பல நாள் கிடந்த செங்காயை வெளியே எடுத்தால், அது திட்டுத்திட்டாகச் சிவந்தும் ஆங்காங்கே குழி விழுந்தும் விரைவில் அழுகுவதைக் காணலாம். அதைக் கண்டவர்கள் குளிரை விட்டு வந்ததால் அழுகியது என்று நினைக்கிறார்கள். குளிரில் பட்ட ஊறுதான் அதன் காரணம்.

பழுத்தபின் வைத்தாலும் மணத்துக்கு நஷ்டம் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 5 டிகிரிக் குளிரில் ஏழு நாள் இருந்த பழத்தில் சர்க்கரையும் புளிப்பும் குறையாதிருக்க, மணத்தைத் தரும் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் சில அடங்கிப்போவதும், வெளியே எடுத்து வைத்த பின்னும் அந்த மணம் பூரணமாக மீளாததும் தெரியவந்தன. ரசத்தில் தக்காளியின் வாசனை இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அறையில் வைக்கச் சொல்பவர்கள் 20 டிகிரி அறையை மனத்தில் கொண்டு சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் மதுரையிலோ வேலூரிலோ அறையே 35 டிகிரியைத் தொடும்போது என்ன செய்வது? உண்மைதான். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமே சரிவரப் பிடிக்காது. முற்றும் பழுத்தது இரண்டு நாளில் கசிந்துவிடும். அப்படி முற்றப் பழுத்து, அன்றே சமைக்க முடியாததை இரண்டு மூன்று நாள் பெட்டியில் வைப்பதில் பிழையில்லை. செங்காய்களை மட்டும் வெளியே, காற்றோட்டமுள்ள நிழலில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், காம்படி கீழ்நோக்க ஒரே வரிசையாகப் பரப்பவேண்டும். தக்காளித் தோலில் சுவாசத் துளைகள் இல்லாமையால் நீரும் வாயுவும் பெரும்பாலும் காம்படித் தழும்பின் வழியாகவே போய்வருகின்றன. கழுவி ஈரத்தோடு வைப்பதால் நேரும் கேடும் அவ்வழியாகவே நுழைகிறது. சமைக்கும்போது கழுவினால் போதும்.

தளர்ந்தது கெட்டது என்னும் கூற்றுக்கு அதிக விசாரம் தேவையில்லை. பழுக்கும்போது ஒரு நொதி சதையிலுள்ள பெக்டினைக் கரைப்பதால் வருவதே மென்மை. 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ஃபிளேவர் சேவர்’ தக்காளி அந்த நொதியை அடக்குவதற்காகவே மரபணு மாற்றப்பட்டது. தூரதேசப் பிரயாணத்துக்காகத் தடித்த தோலோடு வளர்க்கப்பட்ட பெங்களூர் தக்காளியின் கெட்டியையே இலட்சணமாகக் கொண்டவர்கள், சாறு மிக்க நாட்டுத் தக்காளியைத் தொட்டவுடன் சந்தேகிப்பது அநியாயம். சுருக்கம் என்பது நீர் வற்றியதன் அடையாளம். காம்பைச் சுற்றி வளையமாக ஆறிக் காய்ந்த வெடிப்பு செடியிலேயே நேர்ந்தது. தோல் பிளந்து நீர் கசிதல், ஈரம் கோத்துக் குழிந்த திட்டு, காம்படியில் கருத்த பூசணம், புளித்த வாடை ஆகிய இவையே கெட்டதன் பிரத்தியட்சக் குறிகள்.

அரிந்துவிட்டுக் கொதிக்கவைத்தால் போதும் என்பதுதான் மூன்றிலும் அபாயகரமானது. கேரட் போன்ற கெட்டிக் காயில் பூசணம் ஆழமாக ஓடாது. நூற்றில் 94 பங்கு நீராயுள்ள தக்காளியிலோ அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் சதையெங்கும் பரவிவிடும். தக்காளியில் கருமையாகப் படரும் ஆல்டர்நேரியா என்னும் பூசணம் உண்டாக்கும் நச்சுகள் கொதியில் முற்றிலும் அழிவதில்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைக் கடந்தபோது ஒரு பழத்தைக் குப்பையில் போட எந்த இல்லத்தரசிக்கும் மனம் வந்திராது. அந்தச் சிக்கனத்தை நாள்தோறும் கூடையைப் புரட்டிப் பார்த்து, பழுத்ததை முன்னே எடுத்துச் சமைப்பதில் காட்டலாம். அழுத்தம் பட்டு நைந்தும் தோல் கிழியாத, பூசணமில்லாத பழத்தை அன்றே தொக்குக்கு உபயோகிக்கலாம்.

முழுப் பழத்தைப் பெட்டியில் பூட்டும் அதே வீடுகளில், பாதி அரிந்த தக்காளி மாலைவரை மேடைமேல் கிடக்கிறது. புளிப்பு காக்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. அரிந்த முகத்தில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பெருகுவதைக் கண்டே, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007இல் அரிந்த தக்காளியை 5 டிகிரிக் குளிரிலோ அதற்குக் கீழோ வைக்கவேண்டிய உணவுகளோடு சேர்த்தது. அந்தப் பாதியைத்தான் மூடிய பாத்திரத்திலிட்டு உடனே குளிரில் வைக்கவேண்டும். மறுநாளைக்குள் சமைத்துவிடவும் வேண்டும்.